பின்கட்டுத் தொட்டியும் ப்ளீச்சிங் பவுடரும்

என் கணவர் கடையில் ஏணியிலிருந்து விழுந்த நேரத்தில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து யாருக்கோ கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நல்லது கெட்டது என் காதுவழியாகப் போகும். எனக்கு வந்த செய்தியை மட்டும் மேற்பார்வையாளர் அம்மா நேரில் வந்து தோளைத் தொட்டுச் சொன்னார்.

தி. நகரில் என் புகுந்த வீட்டாருக்கு ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில், பரணில் இருந்த வேட்டிக் கட்டை எடுக்க அவர் ஏறியிருக்கிறார். மொசைக் தரையில் ஏணிக்கால் வழுக்கிவிட்டது. இடுப்பும் கீழ் முதுகும் தரையில் அடித்துக்கொண்டன. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். கால்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முப்பத்துச் சொச்சம் வயதில் ஒரு மனிதர் தன் கால் கட்டைவிரலையே பார்த்து, அது அசையுமா என்று காத்துக்கொண்டு கிடந்தார்.

தண்ணீருக்குள் நின்றால் உடம்பின் பாரம் குறையும், இளஞ்சூட்டில் தசை இளகும், அங்கே பயிற்சி கொடுத்தால் கால் பழகும் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு தொட்டி இருந்தது. ஆனால் அதற்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். அவரை டாக்சியில் தூக்கி ஏற்றுவதும் இறக்குவதுமே ஒரு நாள் வேலை. அதனால் அவருடைய அண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டு, எங்கள் அடையாறு வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டிவிட்டார். உள்ளே வெள்ளை ஓடு, இறங்கப் படி, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. மேலே கீற்றுக் கொட்டகை. பக்கத்தில் செங்கல் அடுப்பின்மேல் ஒரு பெரிய பீப்பாய். தொட்டித் தண்ணீரை மொண்டு பீப்பாயில் ஊற்றி, சவுக்கு விறகு வைத்துக் காய்ச்சி, மறுபடி தொட்டியில் ஊற்ற வேண்டும். சூடு பதமாக வரும்வரை இதே வேலை.

தொட்டி கட்டிய நாளில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். தேங்காய் உடைத்தோம். அந்தத் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

வாரம் இரண்டு நாள் ஒரு அம்மாள் பயிற்சி கொடுக்க வருவார். மயிலாப்பூர்க்காரர். ஆஸ்பத்திரி வேலை முடித்து, பஸ் பிடித்து, அந்தக் களைப்போடு வந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவார். சிரித்துப் பேசும் வழக்கம் கிடையாது. "முழங்காலை மடக்குங்கோ. இன்னும். வலிக்கறதா? வலிக்கட்டும்" என்பார். மற்ற நாட்களில் அதே பயிற்சியை நான் கொடுக்க வேண்டும்.

முதல் சில மாதங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாரம் ஒருமுறை தொட்டியைத் திறந்துவிட்டு, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவோம். பிறகு மழை ஏமாற்றியது. கிணறு வற்றி, ஊறிய கொஞ்சமும் உப்புக் கரித்தது. தண்ணீரை மாற்றுவது பத்து நாள், இருபது நாள் என்று தள்ளிப்போனது. ஓடுகளின் இடுக்கில் வழவழப்பு ஏறியது. தண்ணீரை முகர்ந்தால் ஊறவைத்த துணியின் வாடை.

ஒரு நாள் அவருக்குத் துணி மாற்றும்போது பார்த்தேன். தொடையிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள், சிலவற்றில் சீழ்.

"சூட்டுக் கொப்புளம்மா இது. வெந்நியில கெடந்தா வராம என்ன செய்யும்? சந்தனத்த அரைச்சுப் போடுதேன்" என்றார் மாமியார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மதராசுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் அவர் பேச்சு மாறவில்லை.

சந்தனம் பூசினோம். பருக்கள் முதுகுக்கு ஏறின. பயிற்சிக்கு வந்த அம்மாள் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இந்தத் தண்ணில எதுவும் போடறதில்லையா?"

"தெளிவாத்தானே இருக்கு மேடம்?"

"தெளிவா இருந்தா சுத்தம்னு யார் சொன்னா? வெதுவெதுன்னு தண்ணி, அதுல ஒருத்தர் வேர்வை, அழுக்கு. கிருமிக்கு இதைவிட என்ன சௌகரியம் வேணும்? புண் ஆறற வரைக்கும் இவர் தண்ணில எறங்கப்படாது."

அவர் சொன்னபடி பாரிமுனையில் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போய், தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், இரண்டு சொட்டு மருந்துப் புட்டிகள், நிறங்கள் அச்சடித்த ஓர் அட்டை. ஒரு குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து முதல் மருந்தைச் சொட்டினால், தண்ணீரில் குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சள் நிறம் வரும். இன்னொரு குழாயில் அடுத்த மருந்தைச் சொட்டினால், தண்ணீர் புளிப்புப் பக்கமா சுண்ணாம்புப் பக்கமா என்று தெரியும். மஞ்சளாக நின்றால் புளிப்பு, ரோஜா நிறம் ஏற ஏறச் சுண்ணாம்பு. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆரஞ்சுச் சிவப்பு இருக்கிறது, அதுதான் வேண்டும். ஆக ஒரு குழாயில் மஞ்சள் வர வேண்டும், இன்னொன்றில் வரக் கூடாது. எனக்கு இது மண்டையில் ஏறவே சில வாரங்கள் பிடித்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றால் முடியாது. பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள், குழாயை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ப்ளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்க வேண்டும். அப்புறம் விறகடுப்பு. அப்புறம் அவரைப் படியில் இறக்கிப் பயிற்சி. அப்புறம் குளித்து, சோறு கட்டிக்கொண்டு, மவுண்ட் ரோடு பஸ்ஸுக்கு ஓட்டம். பஸ்ஸில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான்.

பவுடரில் ஒரு தொல்லை உண்டு. இன்றைக்கு வாங்கின பவுடருக்கு இருக்கும் காரம் பதினைந்து நாள் கழித்து இருக்காது. அடையாற்றுக் கடல்காற்றில் டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சக்தி போய்விடும். நேற்று இரண்டு கரண்டி போதுமாக இருந்தது என்பதற்காக இன்றும் இரண்டு கரண்டி போட்டால், குழாயில் மஞ்சள் எட்டிக்கூடப் பார்க்காது. புது டப்பா பிரித்த நாளில் அதே இரண்டு கரண்டி அவர் கண்ணைச் சிவக்க வைத்துவிடும்.

முதலில் எனக்கு நடந்தது வேறு. பவுடர் போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் தொட்டியிலிருந்து காரமான ஒரு நாற்றம் கிளம்பியது. மூக்கை அரித்தது. அவருக்குக் கண் எரிந்தது. "கார்ப்பரேசன்காரன் சாக்கடையில தூவுனாப்புல நாறுதே" என்றார் மாமியார். நான் பவுடர் கூடிப்போய்விட்டது என்று குறைத்தேன். நாற்றம் கூடியது. இன்னும் குறைத்தேன். ஆறியிருந்த பருக்கள் திரும்பவும் தலைகாட்டின.

மயிலாப்பூர் அம்மாள் கொட்டகைக்குள் நுழையும்போதே மூக்கைச் சுளித்தார்.

"நிறையப் போட்டுட்டேன் போல மேடம்" என்றேன்.

"சோதிச்சுப் பாத்தேளா, மூக்கை மட்டும் நம்பிண்டு இருக்கேளா?"

அவரே குழாயை எடுத்தார். மருந்தைச் சொட்டியதும் நிறமே இல்லை. பேசிக்கொண்டே நின்றோம். மெல்ல மெல்ல ஒரு மஞ்சள் எழும்பி வந்தது.

"பாத்தேளா? சொட்டின உடனே வர மஞ்சள்தான் வேலை செய்யற குளோரின். இப்படி ஆடி அசைஞ்சு வரது வேர்வையோட சேர்ந்து செத்துப்போனது. அதோட நாத்தம்தான் இது. நீங்க குறைச்சேள், அதான் நாறறது. ஒரேயடியா நிறையப் போட்டு, ரெண்டு நாள் யாரும் எறங்காம விடுங்கோ. எல்லாம் எரிஞ்சு போயிடும்."

நாறும் தண்ணீரில் இன்னும் பவுடர் போட என் கை வரவில்லை. போட்டேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டியில் ஒரு வாடையும் இல்லை. குழாயில் சொட்டியதும் இளமஞ்சள் பளிச்சென்று வந்தது. அந்தக் காலையில் நான் கொஞ்ச நேரம் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இடுப்பு வலித்தது.

பவுடர் போடப் போடத் தண்ணீர் சுண்ணாம்புப் பக்கம் சாயும். சாய்ந்தால் எவ்வளவு குளோரின் இருந்தும் அது சோம்பிக் கிடக்கும். அதற்கு ஆசிட் விட வேண்டும். "ஆசிட்டு, பினாயில்" என்று சைக்கிளில் கூவிக்கொண்டு வருபவரிடம் கக்கூஸ் கழுவும் ஆசிட் வாங்கி, வாளித் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அதைத் தொட்டியில் சேர்ப்பேன். பவுடர் காலையில், ஆசிட் சாயங்காலம். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது, சந்தித்தால் விஷப்புகை என்று மயிலாப்பூர் அம்மாள் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். டப்பாவைப் பின்கட்டின் ஒரு மூலையிலும் புட்டியை எதிர்மூலையிலும் வைத்தேன். விரல் நுனிகள் வெடித்துவிட்டன. எக்ஸ்சேஞ்சில் பக்கத்து ஸீட்டுப் பெண், "உங்க பக்கத்துல உக்காந்தா ஏதோ நீச்சல் குளத்துல இருக்கற மாதிரியே இருக்கு" என்பாள். அவள் நீச்சல் குளத்தைக் கண்டதில்லை. நானும்தான்.

அவர் அதிகம் பேசுவதில்லை. கடையில் நாலு பேரைச் சிரிக்க வைத்து எட்டுப் புடவை விற்கக்கூடியவர், படுத்ததிலிருந்து வெளியாட்கள் முகத்தையே பார்க்க மாட்டார். உறவுக்காரர்கள் வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு காலையில், நான் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தொட்டிக்குள் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்.

"நீ என்னைப் பாக்கறதவிட அந்தக் குழாயைத்தான் அதிகமாப் பாக்கற."

அது உண்மை. அவரைப் பார்த்தால் எனக்குப் பயம் வந்தது. குழாயைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்றாவது தெரிந்தது.

"மஞ்சள் கம்மியா இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான், மஞ்சள் நிற்கவேயில்லை. காலையில் அளவாகப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் காலை ஒன்றும் மிச்சமிருக்காது. கீற்றில் ஓட்டை விழுந்து வெயில் படுகிறதோ என்று பார்த்தேன். புது டப்பா வாங்கினேன். ஓடுகளைத் தேய்த்தேன். அப்போதுதான் நீர்மட்டம் படும் இடத்தில் ஒரு பிசுக்குக் கோடு விரலில் ஒட்டியது. முகர்ந்தேன். தைலம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொட்டியில் இறங்கக் கூடாது, எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். மாமியார் சரி என்றிருந்தார். மறுநாள் காலை வழக்கத்துக்குச் சற்று முன்னால் எழுந்து என் கணவருடைய அறைக்குப் போனேன். மாமியார் தரையில் உட்கார்ந்து, மகனுடைய காலை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வைத்தியர் கொடுத்த தைலத்தை நீவிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அத்தை, இதனாலதான் தண்ணியில மஞ்சள் நிக்கமாட்டேங்குது. நான் தினம் செத்துச் செத்து..."

மாமியார் நீவுவதை நிறுத்தவில்லை. "நீ தண்ணியப் பாத்துக்கிடுத. அந்த அம்மா வந்து காலப் பிடிச்சு மடக்குதாக. பெரியவன் துட்டு போட்டுத் தொட்டி கட்டிட்டான். நான் என்னத்தம்மா செய்ய? பெத்தவ நான் சும்மா ஓரமா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்றார். இன்னும் கொஞ்சம் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார். "அவன் காலத் தொடுததுக்கு எனக்கு இந்த எண்ணய விட்டா வேற என்ன இருக்கு?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் போன இடத்தில் அலுப்பு வந்து உட்கார்ந்தது.

அவர்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அம்மா, தொட்டியில இருந்து வந்தப்புறம் தேச்சு விடு. ராத்திரி அப்படியே ஊறட்டும். காலையில பயத்தம்மாவு போட்டு நீயே கழுவி விட்டுடு. எண்ணெயும் ஆச்சு, அவ தண்ணியும் கெடாது."

அன்று முதல் அப்படியே நடந்தது. காலையில் மாமியார் பயத்தம்மாவு கரைத்து மகனுடைய காலைக் கழுவுகிற கழுவலில், ஆசாரியின் இழைப்புளி பட்ட மரம்போல் தோல் வழவழவென்று இருக்கும். மஞ்சள் நின்றது.

அதற்கடுத்த கோடையை மதராசில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வரும். அது வரும் சத்தத்துக்கு முன்பே குடங்கள் வரிசையில் நின்றிருக்கும். ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்தெல்லாம் பெண்கள் வருவார்கள். நாங்களும் இரண்டு குடத்துக்கு நின்றோம். தொட்டித் தண்ணீரை மாற்றும் பேச்சே எடுக்க முடியாது. ஒரே தண்ணீரைப் பவுடராலும் ஆசிட்டாலும் உயிரோடு வைத்திருந்தேன். வடிகட்ட மல்துணி, மேலே மிதப்பதை எடுக்கச் சல்லடை. ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வதோடு, அந்த நோயாளியின் தண்ணீரையும் பார்த்துக்கொண்டேன். எது முதலில் கைவிடும் என்று தெரியாது. நான்தான் முதலில் விழுவேன் என்று சில காலைகளில் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் தொட்டிக்குள் இருந்தார். தெருமுனையில் சண்டைச் சத்தம். வரிசையில் பாதிப் பேர் நிற்கும்போதே லாரி காலியாகிவிட்டது. டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பு ஒருமுறை, பணம் கட்டி வரவழைத்த தண்ணீரை எங்கள் தொட்டியில் இறக்கியவர் அவர்.

"என்னாண்ட இன்னா கத்துற? அந்தூட்டுப் பின்னால ஒரு கொளமே கீது, அங்க போய்க் கேளு" என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள், குடமும் பக்கெட்டுமாக. முன்னால் நின்றவள் இடுப்பில் குழந்தை.

"எக்கா, உள்ள தண்ணி கீதாமே? ஒரு கொடம் குடுக்கா."

மாமியார் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "அது குடிக்கத் தண்ணி இல்ல தாயி. மருந்து போட்ட தண்ணி. எம் பிள்ள சீக்காளி, அதுல கெடக்கான். இப்ப உள்ள வரப்படாது."

"குடிக்கவா கேட்டோம்? பீத்துணி மூணு நாளா அப்டியே கீது. துணி அலசிக்கினு போறோம்."

அன்று காலைதான் இரண்டு குழாயும் ஒருசேரச் சரியாக வந்திருந்தன. மாதத்தில் நாலு நாள் அப்படி அமைந்தால் பெரிது. இதில் குடம் குடமாக மொண்டுகொண்டு போனால் திரும்ப நிரப்ப எங்கே போவேன்? கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தக் குழந்தையின் தொடையெல்லாம் சொறி.

பின்கட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. "யாரு?"

போய்ச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு, "வரச் சொல்லு" என்றார்.

"நீங்க உள்ள இருக்கீங்களேங்க."

"இருக்கேன். வேட்டி கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்? வரச் சொல்லு."

இரண்டு வருஷமாக உறவுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காத மனிதர். அந்தப் பெண்கள் முற்றம் சுற்றி வந்து, தொட்டியில் நிற்கும் ஆளைப் பார்த்ததும் சற்றுத் தயங்கினார்கள். அவர் கம்பியைப் பிடித்தபடி, "மொண்டுக்குங்க, ஆனா வாயில படக் கூடாது" என்றார். கடையில் புடவை எடுத்துப் போடும்போது பேசுகிற அதே குரல்.

நான் ஒரு சுத்தமான வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். அவர்கள் அழுக்குக் குடங்களை உள்ளே விடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு மிஞ்சிய பிடிவாதம். ஒரு வயதான அம்மாள் வந்து படியோரம் நின்று, ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள்.

"இன்னா நைனா, காலு வரலியா?"

நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதேயில்லை.

"வருது ஆயா. மெள்ள வருது" என்றார் அவர்.

"வரும் வரும். எம் பேரனுக்கும் காலு தோணியில மாட்டிக்கினு நசுங்கிப்போச்சு. இப்ப ஓடறான்."

செய்தி பரவி இன்னும் பெண்கள் வந்தார்கள், வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். நெஞ்சளவு இருந்த தண்ணீர் வயிற்றுக்கு இறங்கி, இடுப்புக்குக் கீழே போனது. பெண்கள் போன பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் கணக்கும் போயிற்று. பாதித் தண்ணீருக்கு எவ்வளவு பவுடர், எவ்வளவு ஆசிட், எல்லாம் முதலிலிருந்து.

"இங்க பாரு" என்றார்.

"பாக்கறேன், பாக்கறேன். சோதிக்கத்தான் வேணும்."

"குழாயை இல்ல. என்னைப் பாரு."

பார்த்தேன். கம்பியை அவர் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் சும்மா இருந்தன. இதுவரை தண்ணீர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பாரம், தண்ணீர் குறையக் குறைய அவருடைய காலுக்கு வந்திருந்தது. பெண்களோடு பேசும் மும்முரத்தில் அவரே கவனித்திருக்கவில்லை.

"கனம் தெரியுதுடி. கால்ல எங் கனம் எனக்கே தெரியுது" என்றார். முழங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் புடவையோடு இறங்கிப் பிடித்துக்கொண்டேன். மாமியார் வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்த மயிலாப்பூர் அம்மாளுக்கு முதலில் கோபம். "என்னைக் கேக்காம பாதித் தண்ணியை யாராவது காலி பண்ணுவாளா? விழுந்திருந்தா?" அவரை நிற்க வைத்துப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் என்னிடம், "இந்த மட்டத்துலயே இருக்கட்டும். ஒரு மாசம் கழிச்சு இன்னும் ஒரு சாண் கொறைக்கலாம்" என்றார். போகும்போது முதல்முறையாக ஒரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதனால் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. தண்ணீர் குறைந்தால் வேலையும் குறையும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் கெட்டது. வெயில் ஒரு வீச்சு வீசினால் குளோரின் பறந்தது, ஒரு சொட்டு ஆசிட் கூடினால் புளித்தது. காலையில் ஒருமுறை சோதித்தது போய், கிளம்புமுன் இன்னொரு முறையும் சோதித்தேன். இரண்டு முறை அவர் விழுந்தார். ஒரு முறை, இனிமேல் இறங்க மாட்டேன், எல்லாவற்றையும் உடைத்துப் போடுங்கள் என்று கத்தினார். மறுநாள் இறங்கினார். தண்ணீர் தொடைக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. மழை வந்து கிணற்றில் ஊற்று எடுத்த காலத்தில் அவர் தொட்டிக்கு வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு கம்பூன்றி நடந்தார். இடது கால் இழுத்தது. இன்றும் இழுக்கிறது. கடைக்குத் திரும்பப் போய்க் கல்லாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பரணில் ஏற வேறு ஆள் வைத்தார்கள்.

தொட்டியை நானே திறந்துவிட்டேன். கடைசிக் காலையிலும் பழக்கத்தில் சோதித்தேன். மஞ்சள் சரியாக இருந்தது. தண்ணீர் வாய்க்கால் வழியே பின்கட்டு வாழைகளுக்குப் போயிற்று.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. செய்ய ஒன்றுமில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. மறுபடி படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. வெயில் முகத்தில் அடித்தபோது, அவர் கதவோரம் நின்றிருந்தார். ஒரு கையில் கம்பு, மறு கையில் காப்பி டம்ளர். அடுக்களையிலிருந்து என் கட்டில்வரை தரையில் காப்பி சொட்டுச் சொட்டாகக் கோடு போட்டிருந்தது. அவருக்குப் பின்னால் மாமியார் துணியோடு குனிந்து துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாதிய தரையில குடுத்துட்டு மிச்சத்தப் பொண்டாட்டிக்குக் கொண்டாருதான் பாரு" என்றார்.

டம்ளரில் இரண்டு வாய்தான் இருந்தது. சூடு ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி மறுபடியும் படுத்துக்கொண்டேன். இருவரும் என்னை எழுப்பவில்லை.